உப்பு போட்ட ஐஸ்

பாபு,

கையெழுத்துப் போடாதே. இந்த ஒரு வரியை முதலில் படித்துக்கொள், மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படி. வியாழக்கிழமை அந்த ஐதராபாத் கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தை நீட்டும்போது வயிற்று வலி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வா என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். வேண்டாம். பொய் சொல்லிப் பழகாதே. இந்தக் கடிதத்தையே எடுத்து அவர்கள் முன்னால் வை. நான் இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு பிரதியை லேபில் உன்னோடு பாடுபடும் கவிதாவிடம் கொடுத்திருக்கிறேன், இன்னொன்றைத் திருப்போரூரில் உன் லேப் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நான் செய்த தப்பை நாலு பேர் படிக்கட்டும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் நீ எடுத்ததும் எடுக்காததுமாக, "அப்பா, எல்லாம் சூப்பரா போயிட்டிருக்குப்பா" என்றாய். உன் குரலில் அத்தனை சந்தோஷம். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "இதக் கேக்கவா மூணு வாட்டி போன் போட்டீங்க? வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றாள். கொழுக்கட்டைதான். அது நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே என் வாயில் இருக்கிறது. அதைத் துப்பத்தான் இந்தக் கடிதம்.

உன் வேலையை நான் மதிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு அதை நீ முதன்முதலில் விளக்கிச் சொன்னது மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சுண்டல் வாங்கிக்கொண்டு நடந்தோமே, அன்றைக்கு. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ இருக்கிறது, அதிலிருந்து நகலெடுத்த ஆர்.என்.ஏ போய்ப் புரதம் செய்யச் சொல்கிறது, அதுவரைக்கும் எனக்குத் தெரியும். நீ அதற்கு மேலே சொன்னாய். நகலெடுக்கப்படும் ஆர்.என்.ஏவில் பெரும்பகுதி எந்தப் புரதத்தையும் செய்வதில்லை, அதை ரொம்ப காலம் குப்பை என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள், இப்போது பார்த்தால் அந்தக் குப்பையில் இருக்கும் துக்கடா ஆர்.என்.ஏக்கள்தான் எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம், எது நிற்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகின்றன என்றாய். "அப்போ வேலை எதுவும் செய்யாம சும்மா ஒக்காந்திருக்கிறவன்தான் ஆபீசையே நடத்துறான்னு சொல்ற" என்றேன். நீ சுண்டல் சிந்தச் சிரித்தாய். அப்புறம் முகம் மாறி, புற்றுநோய் வந்தால் இந்தத் துக்கடாக்கள் தாறுமாறாகும், கொஞ்சம் இரத்தத்திலும் கலக்கும், அதைப் பிடித்துவிட்டால் கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு சொட்டு இரத்தத்தில் சொல்லிவிடலாம்ப்பா என்றாய். எனக்குப் புல்லரித்துப் போனது. இருபத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் எடுத்தவன் நான். ஒரு குழாய்க்குள் இவ்வளவு சேதி இருந்திருக்கிறது, நான் பாட்டுக்குக் கழுவிக் கொட்டியிருக்கிறேனே என்று தோன்றியது.

இதில் வியாபாரம் இருக்கிறதா என்று உன் மாமா கேட்டபோது நான் எகிறிக் குதித்தேனே, நினைவிருக்கிறதா? இப்போதும் அதையேதான் சொல்கிறேன். இருக்கிறது. நம் கடலோரத்தில் எத்தனை ஆம்பிளைகள் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள்! வாய்க்குள் புண் வந்தால் சூட்டுக்கு வந்தது என்று மோர் குடிப்பார்கள். குழம்பின் காரம் தாங்கவில்லை என்றால் பெண்டாட்டியைத் திட்டுவார்கள். வாயைத் திறக்கவே முடியாமல் போன பிறகுதான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வருவார்கள். அப்படி வந்த எத்தனையோ பேருக்கு நான் இரத்தம் எடுத்திருக்கிறேன். மேல்மருவத்தூர் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில்கூடச் செய்யக்கூடிய ஒரு சோதனை, நோய் வாய்க்குள் ஒளிந்திருக்கும்போதே காட்டிக்கொடுக்கும் என்றால் அதை யார் வாங்க மாட்டார்கள்? இன்றைக்குச் சோதனை, நாளைக்கு அந்தக் கெட்டுப்போன ஆர்.என்.ஏவை மட்டும் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து என்று நீ ராத்திரி பகலாகப் பேசுவாய். அதெல்லாம் நடக்கும். நீயே நடத்துவாய் என்றும் நம்புகிறேன். அதனால்தான் சொல்கிறேன், இப்போது கையெழுத்துப் போடாதே. வியாபாரம் பெரியது என்றால் அதில் தப்பும் அதே வேகத்தில் ஊர் ஊராகப் போகும்.

நடந்ததைச் சொல்கிறேன். கடப்பாக்கம் முகாம். வாய்ப்புற்று நோயாளிகளின் இரத்தத்தை அங்கே எடுத்து, திருப்போரூருக்குக் கொண்டுவந்து, மெஷினில் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்துச் சின்னக் குழாய்களில் போட்டு உறைய வைப்பது என் பொறுப்பு என்று நானேதான் வலிய வந்து வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெற்றவன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? அதோடு நீ கவிதாவிடம், "எங்கப்பா கை வெச்சா இரத்தம் வலியில்லாம வரும்" என்று சொன்னதை நான் கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? அன்று முகாம் மதியத்தைத் தாண்டிப் போனது. நீ கொடுத்தனுப்பிய ஐஸ் பாக்கெட்டுகள் வெயிலில் வெந்நீர் மாதிரி ஆகிவிட்டன. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, முகாமுக்கு ஆள் திரட்டிக் கொடுத்த ஏழுமலை, தன் படகுக்கு வாங்கி வைத்திருந்த ஐஸை அள்ளி மீன் பெட்டியில் நிரப்பிக் கொடுத்தான். அவனுடைய அண்ணன் இரத்தமும் அந்தக் குழாய்களில் ஒன்றில் இருந்தது. "எடுத்துகினு போ சார், மகாபலிபுரம் இன்னா, மெட்ராஸ் வரிக்கும் தாங்கும்" என்றான். நான் குழாய்களை அதில் புதைத்து, பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டி வந்தேன். மாமல்லபுரத்தில் டீகூடக் குடிக்கவில்லை. அவ்வளவு பத்திரமாகக் கொண்டு வந்தேன்.

லேபில் அன்று நீ இல்லை. கவிதாவும் மருந்து வாங்கச் செங்கல்பட்டு போயிருந்தாள். குழாய்களைத் துடைத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு, நான் ஒருவனாகச் சுழற்றினேன். மெஷின் நின்று மூடியைத் திறந்தபோது மேலே மிதந்த பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தது. ஒன்றில் அல்ல, பெரும்பாலான குழாய்களில். அது வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தால் உள்ளே சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் சரக்கெல்லாம் வெளியே கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குப் பாடம் இல்லை பாபு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அன்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது புது விஞ்ஞானம், நம் காலத்துச் சர்க்கரை, உப்புச் சோதனை இல்லை, ஆர்.என்.ஏவுக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது போலிருக்கிறது, செய்யும் என்றால் பையன் சொல்லியிருப்பானே என்று. பிரித்து, பழுப்புக் குழாய்களில் போட்டு, மூடி, எண் எழுதி உறைய வைத்துவிட்டேன். பழுப்புக் குழாயில் போட்ட பிறகு நிறம் யாருக்குத் தெரியப் போகிறது? நீ வந்து, "எல்லாம் ஓகேவாப்பா?" என்று கேட்டாய். "ஓகே" என்றேன்.

அந்த "ஓகே"யை நான் ஏன் சொன்னேன் என்று இத்தனை நாள் யோசித்துவிட்டேன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்லி நழுவ முடியாது. பயம். பையன் முன்னால், "நான் கொண்டு வந்தது கெட்டுப்போச்சு" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெட்கக்கேடு. அடுத்த வாரம் பொத்தேரி காலேஜ் விடுதிப் பையன்கள் பிரியாணி கிடைக்கும் என்று பைக்கில் வந்து இறங்கினார்கள். நோயில்லாதவர்களின் இரத்தம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் இரத்தம். அதை லேபின் முன்னறையிலேயே எடுத்து, பத்து நிமிஷத்தில் சுழற்றினேன். பளிச்சென்று வைக்கோல் நிறம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு கூட்டத்து இரத்தம் அறுபது எழுபது கிலோமீட்டர் ஐஸில் கிடந்து வந்தது, இன்னொரு கூட்டத்து இரத்தம் நாற்காலியிலிருந்து மெஷினுக்கு நாலடி நடந்தது. பிறகு நீ சோதனை செய்தாய். நோயாளிகள் ஒரு பக்கம், நோயில்லாதவர்கள் ஒரு பக்கம், கோடு கிழித்த மாதிரி பிரிந்து நின்றார்கள். நீ என்னைத் தூக்கிச் சுற்றினாயே, என் கண்ணாடி விழுந்து உடைந்ததே. அந்த நிமிஷத்தில் யாராவது என்னிடம் வந்து இளஞ்சிவப்பைப் பற்றிப் பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

போன வாரம் கடப்பாக்கம் போனேன். கம்பெனிக்காரர்கள் பையனின் சோதனையை வாங்கப் போகிறார்கள், உங்கள் ஊர் இரத்தம்தான் இதற்கெல்லாம் ஆரம்பம் என்று ஏழுமலையிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் போனேன். ஆலம்பரை கோட்டைப் பக்கம் வலையை உதறிக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டான். அப்புறம், "அன்னிக்கு ஐசு நின்னுச்சா சார்?" என்று கேட்டான்.

"கடைசி வரைக்கும் விரல் வெக்க முடியாத ஜில்லுப்பா" என்றேன்.

"நிக்காம? ரெண்டு கை உப்பு போட்டுல்ல குடுத்தேன். உப்பு போட்டா ஐசு இன்னும் வெறைக்கும் சார். மீனு அப்பிடியே கல்லு மாரி ஆயிடும். உன் சரக்கு கெட்டுறக் கூடாதுன்னுதான் போட்டேன்."

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னா சார், மயக்கமா கீதா?" என்று அவன் தண்ணீர் எடுக்க ஓடினான். மீன் கல் மாதிரி ஆகும் என்றால் இரத்தம் என்ன ஆகும்? பிரிக்காத இரத்தத்தை உறைய விடக்கூடாது என்பது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்ன முதல் விதி. உறைந்தால் சிவப்பணு வெடித்துப்போகும். நீ இரத்தத்தில் தேடும் அந்தத் துக்கடா ஆர்.என்.ஏ சிவப்பணுவுக்குள்ளேயே ஏராளமாக இருக்கிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது நீயே சொல்லியிருக்கிறாய். உன் மெஷின் பொய் சொல்லவில்லை பாபு. அது கண்டதைச் சொன்னது. ஆனால் அது கண்டது புற்றுநோயை அல்ல. ஏழுமலையின் நல்ல மனசையும் ரெண்டு கை உப்பையும்தான்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் செங்கல்பட்டுப் பழைய பேருந்து நிலையத்தின் பின்பக்கம் ஒரு தனியார் லேபில் நான் சாயங்கால வேலை பார்த்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த லேப் இப்போது இல்லை. ஒரு நாள் உன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. நீ எரிமலை செய்திருந்தாய், ஐந்து மணிக்குச் சோடா மாவு போட்டு அதை வெடிக்க வைக்கப் போகிறாய், நான் வந்தே ஆக வேண்டும் என்று காலையில் சத்தியம் வாங்கியிருந்தாய். நாலரைக்கு ஒருவர் வந்தார். மாணிக்கம் என்று பெயர், சிங்கப்பெருமாள் கோயிலில் தையல் கடை வைத்திருந்தார். அவசரத்தில் இரத்தத்தை எடுத்து, ஊசியைக் கழற்றாமலே சிரிஞ்சை அழுத்திக் குழாயில் பீய்ச்சினேன். அப்படிச் செய்தாலும் அணு உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். சுழற்றிப் பார்த்தால் அதே இளஞ்சிவப்பு. திரும்ப எடுத்திருக்க வேண்டும். மணி பார்த்தேன். அப்படியே சோதனை செய்து, பொட்டாசியம் மிக அதிகம் என்று எழுதி வைத்துவிட்டு ஓடி வந்தேன். உன் எரிமலை வெடித்ததைப் பார்த்தேன். கை தட்டினேன்.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம் என்று பதறிப்போய் மாணிக்கத்தை அன்றே சென்னைக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அது நின்றுபோனது. பொண்ணோட அப்பா எப்போ போவாரோ என்று பயந்து மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சென்னையில் திரும்ப எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து மாணிக்கம் லேபுக்கு வந்தார், கையில் ஆப்பிள் பை. "நீங்க கரெக்டா கண்டுபுடிச்சதாலதான் சார் நான் பொழச்சேன். பொண்ணு சம்பந்தம் போனா போவுது, வேற அமையும். உசுரு பெருசு இல்லையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவாயில்லைங்க" என்றேன். ஆப்பிளை வாங்கிக்கொண்டு வந்து உனக்கும் உன் அம்மாவுக்கும் நறுக்கிக் கொடுத்தேன். நீ நாலு துண்டு தின்றாய். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சிங்கப்பெருமாள் கோயிலைப் பஸ் தாண்டும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். நீ இதைப் படித்து என்னை என்ன நினைப்பாயோ தெரியாது. நினைத்துக்கொள்.

அது ஒரு ஆள், ஒரு ரிப்போர்ட். இப்போது நீ கையெழுத்துப் போட்டால் அது எத்தனை ஊருக்குப் போகும்? நோயில்லாதவனுக்கு நோய் என்று சொல்லிப் பதற வைப்பது ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது, மணலில் உட்கார்ந்திருந்தபோதே அது எனக்கு உறைத்தது. உன் சோதனை பிடிப்பது உப்பு ஐஸை என்றால், குளிரூட்டிய நல்ல லேபில், ஒழுங்காக இரத்தம் எடுத்துச் செய்யும் இடத்தில், நிஜமான நோயாளி வந்தால் அது என்ன சொல்லும்? "உனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்லும். ஏழுமலையின் அண்ணன் மாதிரி ஒருவன் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகப் புகையிலையை அடக்கிக்கொண்டு கடலுக்குப் போவான். கம்பெனியின் பெயரும் உன் பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கும்.

இவ்வளவும் கிழவனின் பயம் என்று நீ சொல்லக்கூடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ என் பிள்ளை, நான் உன் வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால் சோதித்துப் பார்த்துவிட்டேன். மறுநாள் உன் அம்மாவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மறுபடி கடப்பாக்கம் போனேன். ஆளுக்கு இரண்டு குழாய். அம்மாவிடம் எடுத்தேன், ஏழுமலையிடம் எடுத்தேன். என் கையில் நானே குத்திக்கொண்டேன், உன் அம்மா புடவைத் தலைப்பால் என் புஜத்தைக் கட்டி இறுக்கிப் பிடித்தாள், இத்தனை வருஷக் கோபத்தையும் அந்த முடிச்சில் காட்டிவிட்டாள். ஒவ்வொருவர் குழாயிலும் ஒன்றை ஏழுமலையின் உப்பு ஐஸில் புதைத்தேன், இன்னொன்றை ஈரத்துணி சுற்றித் தனிப் பையில் வைத்தேன். அதே ஸ்கூட்டர், அதே சாலை, அதே வேகம். இப்போதும் மாமல்லபுரத்தில் டீ குடிக்கவில்லை, உன் அம்மா அதற்கும் திட்டினாள். லேபில் பிரித்து, பெயர் எழுதாமல் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் மட்டும் போட்டுக் கவிதாவிடம் கொடுத்தேன். அவளைத் திட்டாதே. என்ன ஏதென்று அவளுக்குத் தெரியாது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் வந்தாள். "அங்கிள், இதுல மூணு பேர் சாம்பிள் ரொம்ப மோசமா இருக்கு. முகாம்ல வந்தவங்களவிட மோசம். யார் இவங்க? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் அங்கிள்" என்றாள்.

"அதுல ஒருத்தன் உன் முன்னாடிதான்மா நிக்கிறேன்" என்றேன். "ஒருத்தி வெளியில கத்திரிக்காய் பேரம் பேசிட்டிருக்கா. இன்னொருத்தன் இந்நேரம் கடல்ல இருப்பான். மத்த மூணு குழாயும் யாரோடதுன்னு கேளு."

அவள் கேட்கவில்லை. புரிந்துகொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நீங்கள் இருவரும் ஒன்றரை வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? எனக்கும் அழுகை வந்தது. பிறகு அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்து என்ன அங்கிள் பண்றது?" என்று கேட்டாள். உனக்கு நல்ல கூட்டாளி கிடைத்திருக்கிறாள், விட்டுவிடாதே. அந்த ஆறு முடிவுகளையும் அவள் கையெழுத்தோடு இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்து என்ன என்பதை நான் முடிவு செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கத்தில் மறுபடி முகாம். இரத்தம் பயணம் செய்யப்போவதில்லை, மெஷின்தான் பயணம் செய்யப் போகிறது. ஏழுமலையின் வலைக் கொட்டகையில் கரண்ட் இழுத்துக் கொடுக்கிறான். எடுத்த அரை மணிக்குள் அங்கேயே சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்த பிறகுதான் ஐஸ் பக்கமே போக வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தக் குழாய் குப்பைக்கு, மறுபடி எடுக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பொத்தேரிப் பிள்ளைகள் வேண்டாம், பிரியாணி தின்னும் இருபது வயசுப் பையனையும் உப்புக் காற்றில் காய்ந்த அறுபது வயசுக்காரரையும் ஒப்பிடுவது என்ன நியாயம்? அதே ஊரில், அதே வயதில், வாயில் புண்ணில்லாத ஆட்களைத்தான் எடுக்கப் போகிறோம். முன்பு வந்தவர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் ஏழுமலையோடு போனேன். நான் கெடுத்துவிட்டேன், திரும்பக் கொடுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் அண்ணன் வாயைச் சரியாகத் திறக்க முடியாமல், "ரத்தம்தானே சார், ஊறும், எடுத்துக்க" என்றார். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஒழுங்காக எடுத்த இரத்தத்திலும் அந்தக் கோடு நின்றால், நான் உன்னோடு ஐதராபாத் வந்து நீ கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். நிற்கவில்லை என்றால் வேறு ஆர்.என்.ஏவைத் தேடு. குப்பை என்று ஒதுக்கியது அவ்வளவு கிடக்கிறது என்று நீதானே சொன்னாய்! கம்பெனிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பாய். போகட்டும். அறுந்து விழும் என்று தெரிந்த கயிற்றில் தொங்க வேண்டாம். இந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டும் ஒருவன் காத்திருக்கிறேன் என்றால் அவனோடு தொழில் செய். நீ தோற்றுவிட்டாய் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. தோற்றது நீயில்லை. உன் சோதனை தன் வேலையைச் செய்தது. கண்ணால் பார்த்ததை வாயால் சொல்லாத ஒரு கிழவன்தான் இடையில் வந்து கெடுத்தான்.

மாணிக்கம் கொடுத்த ஆப்பிளை வாங்கிக்கொண்டேனே, அது எனக்குச் சேராத நன்றி. இந்த முறை எனக்குச் சேர வேண்டியது திட்டு. அதை வேறு யாரிடமிருந்தும் வேண்டாம், உன்னிடமிருந்து நேரில் வேண்டும். சனிக்கிழமை வண்டி ஏறு, ஞாயிறு காலை செங்கல்பட்டில் இறங்கு, நான் ஸ்டேஷனில் ஸ்கூட்டரோடு நிற்பேன். கடப்பாக்கம் வரைக்கும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வா. வாய் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் இல்லை, தெரியும். திரும்பி வந்ததும், திங்கட்கிழமை, நான் மட்டும் அங்கே போகப் போகிறேன். அந்தத் தையல் கடை இன்னும் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன்.

உன் சோதனைப்படி நோயாளியாகி, கத்திரிக்காயை அடிமட்ட விலைக்கு வாங்கி வந்துவிட்ட உன் அம்மாவின் ஆசீர்வாதத்தோடு,

இந்த முறை "ஓகே" சொல்லாத,
உன் அப்பா.